லைட் பிடிக்க ஓர் ஆள்

பிப்ரவரி 4

அன்புள்ள பல்புக்கு,

நலம். நீயும் வீட்டில் அவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது. குகையில் தவழும்போது வாயை மூடிக்கொள்கிறது. ஸ்டுடியோ எப்போதும்போலத்தான். காலையிலிருந்து மாலைவரை பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன்.

காரியத்துக்கு வருகிறேன். நம் பழைய குகையில், தண்ணீர்ப் பள்ளத்துக்கு அப்பால், சுவர் என்று நாம் இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்த இடத்தில் வழி இருக்கிறது. போன மாதம் தண்ணீர் இறங்கியபோது பார்த்தேன். வயிற்றை எக்கி நுழைந்தால் உள்ளே ஒரு பெரிய கூடம். என் தலைவிளக்கின் வெளிச்சம் கூரைவரை எட்டவே இல்லை. அறுபது அடியாவது இருக்கும். சுண்ணாம்புக் கல் தூண் தூணாக இறங்கி நிற்கிறது. வாயைப் பிளந்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேலே கல் உடைக்கிறவர்கள் ஜூன் கடைசியில் குகை வாயைக் கான்கிரீட் போட்டு மூடப்போகிறார்கள். அதற்குள் ஒரு படம், ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும். நீ பல் டாக்டர்களுக்கெல்லாம் விளக்குச் செய்து கொடுக்கிறாய். எனக்கும் ஒன்று செய். ஹெல்மெட்டில் மாட்டினால் அந்தக் கூடம் முழுக்கப் பகலாக வேண்டும், கல்லின் நிறம் படத்தில் மாறக்கூடாது, ஒரே ஆளால் எல்லாம் முடிய வேண்டும்.

பயப்படாதே, தனியாகப் போகவில்லை. அடுத்த தெருக் கணக்கு வாத்தியார் கூட வருகிறார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

உன் அண்ணன்

---

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். அவருக்கு ஜலதோஷம் வந்து போயிற்று. முழங்காலுக்குத் தைலம் தடவு, அலட்சியம் வேண்டாம். ஏழு வயதில் வீட்டு பல்பைக் கழற்றி, உள்ளே என்ன எரிகிறது என்று பார்க்க உடைத்த ஒரு குற்றத்துக்காக ஐம்பது வயதிலும் என்னைப் பல்பு என்கிறாய். இருக்கட்டும். போனில் என்றால் நமக்கு இரண்டு நிமிஷத்தில் சண்டை வந்துவிடும். கடிதத்தில் வர இரண்டு வாரமாவது ஆகும்.

நீ சொல்லாதே என்று எழுதியதை அப்படியே அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். இந்த மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

உன் கடிதத்தைப் படித்ததும், அப்போது நாம் குகைக்குக் கொண்டுபோன கார்பைடு விளக்கின் அந்தப் பூண்டு நாற்றம் மூக்கில் ஏறியது. நீங்கள் இருவரும் என்னை முதன்முதலாக அங்கே கூட்டிப் போனபோது அவர் எனக்கு வெறும் "அண்ணனின் சிநேகிதன், குழாய் ரிப்பேர்காரர்". நீ கேமராவோடு இந்தப் பக்கம் நின்றாய். அவர் விளக்கோடு பாறைக்குப் பின்னால் போனார். "இன்னும் கொஞ்சம் இட..." என்று நீ சொல்லி முடிப்பதற்குள் அவர் நகர்ந்திருப்பார். குகையை ரசிக்க வந்தவள் அந்த ஆளை ரசித்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தின அந்தக் கண்காட்சி நாளும் மறக்கவில்லை. பரிசு வாங்கிய படத்தின் முன்னால் யாரோ உன்னிடம், லைட் பிடித்தது யார் என்று கேட்டார். "அதுக்கென்ன சார், ஒரு கம்பம் போதும். ஆனா கம்பம் பையைத் தூக்காதுல்ல" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவர் உனக்குப் பின்னால் டீ கிளாஸோடு நின்றிருந்தார். அந்தப் படத்துக்காக இடுப்பளவு சில்லென்ற தண்ணீரில் நாலு மணி நேரம் நின்ற மனிதர். அடுத்த மாதமே இரண்டு நாள் ரயில் தூரத்தில் வேலை ஒப்புக்கொண்டு என்னையும் இங்கே கூட்டிவந்துவிட்டார்.

இப்போது ஆளே தேவைப்படாத விளக்கு வேண்டும் என்கிறாய். யாருடைய பெண்டாட்டியிடம் கேட்கிறோம் என்று யோசித்தாயா?

சரி, செய்கிறேன். நாலு எல்இடி, செம்புத் தகட்டின் மேல் பதித்து, சுற்றிலும் சூடு வெளியேற அலுமினியச் செதில்கள். பேட்டரி தலைக்குப் பின்னால். பல் டாக்டர் விளக்கில் போடுகிற அதே எல்இடிதான், நிறம் பொய் சொல்லாது. எங்கள் பட்டறையின் கடைசல்காரர் உடம்புப் பகுதியைக் கடைகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

---

மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அங்கே நலம்தானே? பார்சல் சேதமில்லாமல் வந்தது. ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தபோது, படம் எடுக்க வந்த அம்மாள் மின்னல் என்று காதைப் பொத்திக்கொண்டார்.

குகையில் கதை வேறு. முதலாவது, என் மூச்சே எனக்கு எதிரி. நெற்றியில் விளக்கு இருப்பதால் மூச்சு விட்டால் எதிரே வெள்ளையாக ஆவி எழுந்து படத்தை மறைக்கிறது. இரண்டாவது, பன்னிரண்டு நிமிஷத்தில் விளக்கு சூடாகித் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. மூன்றாவதுதான் பெரிய குறை. படம் தட்டையாக விழுகிறது. தூண்கள் தூண்களாகவே இல்லை, சுவரில் ஒட்டிய காகிதமாகத் தெரிகின்றன. ஆறு பிரிண்ட் அனுப்புகிறேன், நீயே பார்.

வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன். இரட்டிப்பாக்கு.

இருபது வருஷத்துக்கு முன் அந்தப் புகைக்கிற விளக்கை வைத்துக்கொண்டே இதைவிட நல்ல படம் எடுத்தோம். எப்படி என்று யோசிக்கிறேன். வயதாகிவிட்டது போலிருக்கிறது.

வாத்தியார் உன்னை விசாரித்தார்.

உன் அண்ணன்

---

மார்ச் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம். உன் முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லை. அதனால் அது மோசமாகத்தான் இருக்கும்.

விளக்கு சூடாவதற்குக் காரணம் நான்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றுகிறது. அது சுற்றச் சுற்றவே விளக்கை ஒரு மணி நேரம் எரியவிட்டு, பிரமாதம் என்று எழுதி வைத்திருக்கிறேன். உன் குகையில் யார் விசிறி மாட்டினார்கள்? இருபத்தைந்து வருஷமாக விளக்குச் செய்கிறவள் செய்கிற தப்பா இது?

இப்போது எட்டு எல்இடி. ஆறு அகலமாக அடிக்கும், இரண்டு தூரம் போகும். செதில்களையும் மாற்றியிருக்கிறோம். கடைசல்காரர் ஒரு யோசனை சொன்னார். தவழும்போது செதில்களுக்கு நடுவே சேறு அடைத்துக்கொள்ளும், அப்புறம் சூடு எப்படி வெளியேறும், விரலை விட்டு வழித்தெடுக்கிற அளவுக்கு இடைவெளி வேண்டும் என்றார். உன் மூச்சுக்கும் அவரே வழி சொன்னார். ஒரு துணிக்குழாயை வாயில் கவ்வி, மறுமுனையைத் தோளுக்குப் பின்னால் விட்டுக்கொள்ள வேண்டுமாம்.

இதிலும் படம் தட்டையாக விழுந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் நாற்காலியில் அந்தப் பிரச்சினை வந்ததில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை

---

ஏப்ரல் 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் மோசமாகத்தான் இருக்கிறது. போதுமா?

புது விளக்கு ஐம்பது நிமிஷம் மங்காமல் எரிந்தது. சேற்றை வழித்தெடுத்தேன். துணிக்குழாயைக் கவ்விக்கொண்டு நான் நின்ற கோலத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

உன் கடைசல்காரர் எப்போது குகைக்குப் போனார்? பட்டறையை விட்டு வெளியே வராத மனிதருக்குச் சேறு செதிலில் அடைக்கும் என்று எப்படித் தெரிந்தது? அந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் போய்த் தாராளமாக ஆடுகிறது. உனக்கென்றால் கட்டைவிரலே போகும். யாருடைய விரலுக்கு அளவெடுத்தீர்களோ, அது நல்ல தடித்த விரல், முப்பது வருஷம் குழாய் திருகினால் ஆகிற மாதிரி.

கடைசல்காரரை ரொம்ப விசாரித்ததாகச் சொல். இதை மட்டும் மறக்காமல் சொல்.

படம் இன்னமும் தட்டையாகத்தான் விழுகிறது. பன்னிரண்டு பிரிண்ட் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு மடங்கு வெளிச்சம் கிடைத்தால் சரியாகிவிடும். இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது.

வாத்தியார் சௌக்கியம். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறார்.

உன் அண்ணன்

---

மே 3

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை.

நேற்று சாப்பிட்டு முடித்ததும் அவர் மேஜையைத் துடைத்துவிட்டு, நீ அனுப்பிய பதினெட்டுப் படங்களையும் வரிசையாகப் பரப்பினார். எங்கே வைத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"உங்க அண்ணன் தனியா போறான்."

வாத்தியார் கூடப் போவதாக எழுதியிருக்கிறாயே என்றேன்.

"இன்னொருத்தர் இருந்தா அவர் தலையிலயும் ஒரு லைட்டு இருக்கணும்ல? அது எங்கயாவது பட்டு ஒரு கல்லோட நிழலாவது பக்கவாட்டுல விழுந்திருக்கணும். பதினெட்டு படத்துலயும் ஒரு நிழல் இல்ல. எல்லா வெளிச்சமும் அவன் நெத்தியிலேர்ந்துதான் வருது. கூட யாருமே இல்ல."

சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைக் கழற்றித் திரும்ப மாட்டினார். அது ஒழுகவே இல்லை.

இன்று காலை வாத்தியாருக்குப் போன் செய்தேன். அவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறதாம். உன் பெயரைச் சொன்னதும், பாவம், சந்தோஷமாக விசாரித்தார்.

தனியாக இறங்கக்கூடாது என்று எங்களுக்கு முதல் நாள் விதி போட்டவன் நீ. எனக்கு இருப்பது ஓர் அண்ணன். நான் செய்த விளக்கை மாட்டிக்கொண்டு நீ உள்ளே கிடந்தால், அதற்கப்புறம் எந்த விளக்கைத் தொடுவேன் என்று நினைத்தாயா? எனக்கு எவ்வளவு கோபம் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

இனி விளக்கு இல்லை.

உன் தங்கை

---

மே 30

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம் என்ற சொல்லை இந்த முறை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நாலு வாரமாக ஏன் பதில் போடவில்லை என்றால், உன் கடிதத்தைப் படித்த வீம்பில் பதினெட்டாம் தேதி மறுபடியும் தனியாகத்தான் போனேன். கூடத்துக்கு நுழைகிற அந்த இடுக்கில் பேட்டரி ஒயர் கல்லில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு, விளக்கு அணைந்துவிட்டது. மாற்று டார்ச் பையில் இருந்தது. பையை முன்கூட்டியே அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தேன். இடுப்பு சிக்கிக்கொண்டது. இரண்டு மணி நேரம் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. உன் விளக்கின் மேல் குற்றமில்லை. கூட ஓர் ஆள் இருந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

அந்த இருட்டில் நான் என்ன செய்தேன் தெரியுமா? "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் இட..." என்று பாதியில் நிறுத்திப் பார்த்தேன். பழக்கதோஷம். யாரும் நகரவில்லை. அழுதுவிட்டேன் பல்பு. அழுததில் வயிறு உள்ளே போய் இடுப்பு விடுபட்டது என்று சொன்னால் சிரிப்பாய். ஆனால் அப்படித்தான் வெளியே வந்தேன்.

உண்மையை எழுதிவிடுகிறேன். முதல் விளக்கின் வெளிச்சமே போதுமானதாக இருந்தது. நெற்றியிலிருந்து நேராக அடித்தால் எதுவும் தட்டையாகத்தான் விழும். முப்பது வருஷமாக ஸ்டுடியோவில் பக்கத்துக்கு ஒரு விளக்கு வைத்துப் படம் எடுக்கிறவனுக்கு இது தெரியாதா? மார்ச் மாதமே தெரியும். கம்பம் போதும் என்று சொன்ன வாய்க்குச் சாட்சி தேடத்தான் உன்னை இத்தனை மாதம் வேலை வாங்கினேன்.

அவருக்கு எழுத உட்கார்ந்து பதினோரு தாள் கிழித்துவிட்டேன். வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை.

ஜூன் 22 ஞாயிறு கல் உடைக்கிறவர்கள் வேலை செய்ய மாட்டார்கள். அதுதான் கடைசி நாள். இருக்கிற விளக்கோடு போகத்தான் போகிறேன். அந்தக் கூடத்தைப் பார்த்த ஒரே ஆள் நான், அதை அப்படியே மூடவிட மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்

---

ஜூன் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். அவர் சமையலறையில் இருந்தார். குழாய்ச் சத்தம் நடுவிலேயே நின்றுபோயிற்று.

ஒரு விளக்கு செய்திருக்கிறேன். இதைத் தலையில் மாட்ட முடியாது. பட்டையே வைக்கவில்லை, கைப்பிடி மட்டும்தான். விளக்கு இந்தப் பார்சலில் வருகிறது. இதன் பேட்டரி பெரியது, தபாலில் ஏற்க மாட்டார்களாம், தீப்பிடிக்கும் என்கிறார்கள். அதனால் ஆள் மூலம் வருகிறது. கூட இருக்கிற தாளைப் படி. நான் படிக்கவில்லை. மடித்து, ஒட்டித்தான் என்னிடம் கொடுத்தார்.

உன் தங்கை

---

ஜூன் 7

மச்சான்,

நான் நல்லா இருக்கேன். நீ இல்லன்னு தெரியும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்ல, பேசுற மாதிரியே எழுதுறேன்.

படத்துக்குக் கீழ என் பேரு இல்லன்னு நான் கோவிச்சுக்கிட்டேன்னு உன் தங்கச்சி நினைக்கிறா. பேரை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? குழாய்ல ஒட்டிக்கவா?

பாறைக்குப் பின்னாடி நிக்கிறவனுக்குக் குகை தெரியாது. லைட்டுக்கு அந்தப் பக்கம் உன் மூஞ்சி மட்டும்தான் தெரியும். படம் சரியா வந்தா உன் புருவம் ரெண்டும் மேல ஏறும். இருபத்திரண்டு வருஷம் அதைப் பாத்துத்தான் கையை இறக்கினேன். வந்துடுச்சுன்னு நீ ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. அந்த மாதிரி நாள்தான் என் வாழ்க்கையில நல்ல நாள். அதுக்கு ஒரு கம்பம் போதும்னு நீ சொன்னது சுட்டுச்சு. இன்னும் சுடுது.

பத்தொன்பதாம் தேதி ரயில். இருபத்தொண்ணு காலையில வந்துடுவேன். பேட்டரி என் மடியில வரும். ஸ்டேஷனுக்கு வர வேணாம், எனக்கு வழி தெரியும். நான் வர்றதுக்கு முந்தி நீ இறங்கினா அப்புறம் நமக்குள்ள பேச்சே கிடையாது.

உன் மாப்பிள்ளை

---

ஜூன் 25

அன்புள்ள பல்புக்கு,

இருவரும் நலம், இருவரும் வெளியே வந்துவிட்டோம். முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றது. மாப்பிள்ளை ஸ்டுடியோ பெஞ்சில் குறட்டை விடுகிறார். நாளை ரயில். இந்தக் கடிதத்தையும் பிரிண்டையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். குகை வாயை நேற்று மூடிவிட்டார்கள். போய்ப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் பேட்டரிப் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கிறார். ஊர் உலகத்துப் பேச்செல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் முழங்காலைக் கேட்டார். அன்று முழுக்க முழங்காலைப் பற்றியே பேசினோம்.

மறுநாள் அந்த இடுக்கில் அவர் எனக்குப் பின்னால் வந்தார். சிக்கினபோது என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினார், உள்ளே போய் விழுந்தேன். கூடத்துக்கு வந்ததும் அவரும் அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தார். பிறகு வழக்கம்போல விளக்கை எடுத்துக்கொண்டு பெரிய தூணுக்குப் பின்னால் நடந்தார்.

"மாப்பிள்ளை, விளக்கை என்கிட்ட குடு. கேமராகிட்ட நீ நில்லு" என்றேன்.

எந்தப் பொத்தான் என்று தெரியாது என்றார். கேமராவை முக்காலியில் பூட்டி, எல்லாம் சரிசெய்து வைத்துவிட்டு, ஒரே பொத்தான்தான் என்றேன். விளக்கை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். அங்கே முழங்காலளவு தண்ணீர். ஐந்தாவது நிமிஷம் கால் மரத்தது. பத்தாவது நிமிஷம் கை தானாக ஆடத் தொடங்கியது. அவர் இடது என்றால் நான் வலது பக்கம் போனேன். அவருடைய இடது எனக்கு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த மனிதர் ஒரு தடவைகூடத் தப்பாக நகர்ந்ததில்லை, பல்பு. நான் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

அங்கே நின்றபடிதான் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு நான் பேசினது தப்பு."

அவர் கேமராவின் மேல் குனிந்தார்.

"ஆடாம நில்லு" என்றார்.

ஆடாமல் நிற்கப் பார்த்தேன். ஆறு படம் கெட்டது. ஏழாவது தடவை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் எனக்கு எழுதியிருந்த மாதிரியே, குகையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். படம் சரியாக வந்தால் எனக்குப் புருவம் ஏறுமாம், அவருக்கு ஏறுவதில்லை. கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்கிறார். இத்தனை வருஷத்தில் முதன்முதலாக இப்போதுதான் பார்க்கிறேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையை இறக்கிவிட்டேன்.

உன் அண்ணன்